போர்க்கால ஹேங்கருக்குள் முதல் தடவை நுழைகிறீர்களா?

ராணுவ விமான அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் இருப்பதிலேயே பெரிய விமானத்தை நோக்கிப் போவார்கள். அதன் மூக்குக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வரிசையாக ஒவ்வொரு பலகையிலும் வேகம், நீளம், எடை என்று வாசித்துக்கொண்டே நகர்வார்கள். பத்தாவது விமானத்துக்கு வரும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒரு மணி நேரத்தில் நினைவுப்பொருள் கடைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

போர்க்காலத்தில் கட்டி, பின்னாளில் பழுதுபார்த்து எடுத்த ஹேங்கரில் (விமானங்களை நிறுத்தும் பெரிய கொட்டகையில்) அமைந்த அருங்காட்சியகம் என்றால், இப்படிப் பார்ப்பது பெரிய இழப்பு. அங்கே நிற்கும் விமானங்களில் பல வேறெங்கிருந்தோ வந்தவை. அந்த ஓடுதளத்தில் ஒருநாளும் இறங்காதவையும் உண்டு. போரின்போது அங்கேயே இருந்தது கட்டடம்தான். அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் கட்டடம், அடுத்து இரண்டு மூன்று விமானங்கள் மட்டும், அதன்பிறகு பக்கத்து அறைகள். மீதியை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம்.

கிளம்புவதற்கு முன்

இணையதளத்தில் திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் விமானம் அன்று அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். பறக்கும் நிலையில் உள்ளவை கோடையில் விமானக் கண்காட்சிகளுக்குப் போய்விடும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பிரித்துப் போட்ட நிலையில் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டு வந்த குழந்தைக்கு அதை விளக்கிச் சொல்வது கஷ்டம்.

சில அருங்காட்சியகங்கள் இன்றும் இயங்கும் ராணுவத் தளத்துக்குள் இருக்கின்றன. ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் விமான அருங்காட்சியகம் ஃபோர்டு தீவில் இருக்கிறது. அது கடற்படையின் பயன்பாட்டில் உள்ள இடம் என்பதால் பொதுமக்கள் பார்வையாளர் மையத்திலிருந்து ஷட்டில் பேருந்தில்தான் போக வேண்டும், பை விஷயத்திலும் கெடுபிடி உண்டு. இத்தகைய இடங்களுக்கு அடையாள அட்டை, பையின் அளவு, வெளிநாட்டவர் முன்பதிவு செய்ய வேண்டுமா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் வாசலில் திரும்பி வர நேராது.

உடை பற்றி ஒரே வார்த்தை: அடுக்கடுக்காக அணியுங்கள். விமானத்துக்காகக் கட்டிய கட்டடம் மனிதருக்கு வசதியாக இருக்காது. குளிர்நாடுகளில் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் குளிரும், வெயில் நாடுகளில் தகரக் கூரை சூட்டை அப்படியே கீழே இறக்கும். தரை முழுக்க கான்கிரீட். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்போடு மூன்று மணி நேரம் நின்றால் இடுப்பு பேசத் தொடங்கிவிடும்.

வாசலில் நின்று மேலே பாருங்கள்

உள்ளே போனதும் விமானங்களைப் பார்க்காமல் ஓரமாக நின்று கூரையைப் பாருங்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் இவ்வளவு அகலத்தை எப்படி மூடினார்கள் என்பதுதான் ஹேங்கரின் முதல் கேள்வி. பதிலைக் கூரைச் சட்டத்தில் பார்க்கலாம், அதிலேயே அந்தக் காலத்தின் தட்டுப்பாடும் தெரியும்.

இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்தின் பழைய ஹேங்கர்கள் முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தவை. அங்கே வில்போல வளைந்த மரச்சட்டமும், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சிறு சிறு மரத்துண்டுகளும் தெரியும். பெல்ஃபாஸ்ட் டிரஸ் என்பார்கள். நீண்ட தடித்த உத்தரங்கள் கிடைக்காதபோதும் சின்னப் பலகைகளைக் கொண்டே பெரிய அகலத்தைத் தாண்டிவிடலாம் என்பது அதன் சூட்சுமம். இரண்டு போர்களைத் தாண்டிய அந்த வரிசையில் ஒரு ஹேங்கர் 1968-இல் சினிமா படப்பிடிப்புக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாதுகாப்பதற்கு உரியது என்ற எண்ணம் இந்தக் கட்டடங்களைப் பற்றி அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை போலும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டில்லமூக் என்ற ஊரில் இருப்பது இன்னொரு வகை. நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலோரம் ரோந்து சென்ற பிளிம்ப் என்ற பலூன் போன்ற வான்கப்பல்களுக்காக 1943-இல் கட்டியது. சுமார் 327 மீட்டர் நீளம், 58 மீட்டர் உயரம், அத்தனையும் மரம். எஃகு முழுவதும் கப்பலுக்கும் டாங்கிக்கும் போய்விட்டதால் மரத்தை எடுத்தார்கள். அதன் ஜோடி ஹேங்கர் 1992-இல் தீக்கிரையானது. எஞ்சியிருப்பதற்குள் நிற்கும் போர் விமானங்கள் பொம்மைபோலத் தெரியும்.

கனடாவின் மானிடோபா மாநிலத்தில் பிராண்டன் நகரில் காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவும் போர்க்காலப் பயிற்சித்தளத்தின் ஹேங்கர்தான். 1939 டிசம்பரில் கையெழுத்தான அந்தத் திட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட விமானிகளும் விமானக் குழுவினரும் பயிற்சி பெற்றார்கள். பிரபலமான சண்டை விமானங்களைவிட மஞ்சள் பூச்சு அடித்த பயிற்சி விமானங்களே அங்கே முக்கியம். பதினெட்டு வயதுப் பையன்கள் ஏறிய விமானங்கள் அவை.

எஃகுக் கட்டடமாக இருந்தால் போல்ட்டுகளைக் கவனியுங்கள். பெல்மேன், டி2 போன்ற பிரிட்டிஷ் வகைகள் கழற்றி வேறிடத்தில் மாட்டுவதற்கென்றே வடிவமைத்தவை. அதனால் இந்தக் கொட்டகை இங்கேயேதான் இருந்ததா என்று கேட்பதில் தப்பில்லை. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் 1940-இல் பழைய கார்ப் பந்தயப் பாதையின் மேலேயே ஒரு பெல்மேன் ஹேங்கரை எழுப்பினார்கள். அண்மையில் புதுப்பித்தபோது அதைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தியதும் அடியிலிருந்த பந்தயப் பாதை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில் உள்ள ராணுவ விமான அருங்காட்சியகம் ஜெர்மனியின் காட்பஸ் நகரிலிருந்து ஒரு ஹேங்கரையே பெயர்த்துக் கடல்கடந்து கொண்டுவந்து நட்டிருக்கிறது.

தரை, கதவு, ஜன்னல்

கூரைக்குப் பிறகு தரை. கதவுகள் ஓடிய தண்டவாளப் பள்ளம், விமானத்தைக் கயிற்றால் கட்டப் பதித்த இரும்பு வளையங்கள், எண்ணெய் ஊறிக் கறுத்த பகுதிகள் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல புதுப்பித்தல் இவற்றை மறைக்காது. எல்லாவற்றையும் சுரண்டிப் பளபளவென்று வண்ணம் பூசியிருந்தால் அந்த அருங்காட்சியகம் கட்டடத்தை வெறும் கூரையாக மட்டும் நினைக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஜன்னலை விட்டுவிடாதீர்கள். பேர்ல் ஹார்பரில் 79-ஆம் எண் ஹேங்கரின் நீலப்பச்சைக் கண்ணாடிகளில் 1941 டிசம்பர் 7 ஜப்பானியத் தாக்குதலில் குண்டு துளைத்த ஓட்டைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை விமானங்கள் இருந்தாலும், நான் ஒருவரை முதலில் கூட்டிப்போய் நிறுத்துவது அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான். முதலில் வெளியிலிருந்து பாருங்கள், பிறகு உள்ளிருந்து.

ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது விமானத்துக்கு வரலாம். இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். மூக்கிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக வால்வரை போய், வலப்பக்கமாகத் திரும்பி வாருங்கள். விமானிகள் புறப்படுவதற்கு முன் செய்யும் சோதனையும் இப்படி ஒரு சுற்றுதான்.

மூக்கில் பார்க்க வேண்டியது என்ஜின் வகை. ஒல்லியாக நீண்டிருந்தால் உள்ளே சிலிண்டர்கள் முன்பின்னாக வரிசையில் நிற்கின்றன, குளிர்விப்பதற்குத் திரவம் ஓடுகிறது. பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜின் அப்படிப்பட்டது: 12 சிலிண்டர், 27 லிட்டர். மூக்கு மொட்டையாக, வட்டமாக இருந்தால் சிலிண்டர்கள் நட்சத்திரம்போலச் சுற்றி நிற்கும் ரேடியல் வகை, காற்றே அதைக் குளிர்விக்கும். ரேடியலின் அடியில் எப்போதும் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் தேங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெயோடு என்ஜினை முடுக்கினால் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும் என்பதால்தான் முதலில் ப்ரொப்பெல்லரைக் கையால் சில சுற்றுகள் சுற்றுகிறார்கள். சொட்டாத ரேடியலில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது மெக்கானிக்குகளின் பழைய வேடிக்கை.

அடுத்து சக்கரம். அக்காலத்து விமானங்கள் பல வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கி நிற்கும். ஸ்பிட்ஃபயரின் காக்பிட் (விமானி உட்காரும் இடம்) அருகே நின்று முன்னோக்கிப் பாருங்கள். நீண்ட மூக்கு எதிரே உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. தரையில் ஓட்டும்போது விமானி பாம்புபோல வளைந்து வளைந்து போனது இதனால்தான்.

பிறகு தோல். ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் பின்பாதியை அருகில் போய்ப் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். அது உலோகமே இல்லை, குழாய்ச் சட்டத்தின்மேல் மரப்பட்டிகளும் அவற்றின்மேல் இழுத்துப் போர்த்திய துணியும்தான். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் துணியை ஒட்டித் தைத்து மறுபடி அனுப்பிவிடலாம். மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் விமானம் இன்னும் விசித்திரம்: பர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தது. நாற்காலி மேசை செய்த பட்டறைகளே அதற்குப் பாகங்கள் செய்தன.

கடைசியாக அடையாளக் குறிகள். இவை தெரிந்தால் பலகையைப் படிக்காமலேயே காலத்தைச் சொல்லிவிடலாம். அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தால் 1942 மே மாதத்துக்கு முந்தைய கோலம். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வந்ததால் எடுத்துவிட்டார்கள். நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1943 நடுப்பகுதிக்குப் பிந்தையது. ஆசியப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்திலும் சிவப்பு காணாமல் போனதற்குக் காரணம் இதேதான். இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஐந்து இருந்தால் 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்தை ஒட்டியவை. கடைசி நேரத்தில் தூரிகையால் அவசரமாகப் பூசியதால் அசல் பட்டைகள் கோணல்மாணலாகத்தான் இருந்தன. அருங்காட்சியகத்தில் அளவுகோல் வைத்ததுபோல நேராக இருந்தால் பிற்காலத்து வேலை.

இதில் அசல் எவ்வளவு?

புதியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது. தயங்க வேண்டாம், தன்னார்வலர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுவே. பலகையில் வரும் சொற்களை நிதானமாகப் படியுங்கள். "இன்ன விமானத்தின் வண்ணத்தில்" என்றிருந்தால், எதிரே நிற்பது அந்த விமானம் அல்ல, அதன் வேஷம் போட்ட இன்னொன்று. "மாதிரி" என்றிருந்தால் கண்ணாடியிழையில் செய்த வடிவமாக இருக்கலாம். இறக்கை மடிப்புகளிலும் சக்கர அறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். குழாய்களும் கம்பிகளும் பித்தான்போல ரிவெட்டுகளும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படலாம்.

அசல் என்பதிலும் படிகள் உண்டு. பறக்க வைக்க வேண்டும் என்றால் துருப்பிடித்த பாகங்களை மாற்றியே ஆக வேண்டும். எனவே பறக்கும் விமானத்தில் புதிய உலோகம்தான் அதிகமாக இருக்கும். இன்னொரு பக்கம், 'ஸ்வாம்ப் கோஸ்ட்' என்று பெயர்பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானம் 1942 பிப்ரவரியில் பப்புவா நியூகினியின் சதுப்பு நிலத்தில் இறங்கி, 2006-இல்தான் அங்கிருந்து எடுக்கப்பட்டு, இப்போது பேர்ல் ஹார்பரில் நிற்கிறது. அது இனிப் பறக்காது, ஆனால் கிழிசலும் நசுங்கலும் அப்போதையவை. 1940-இன் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கிய வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை 1985-இல் தூக்கினார்கள். அது கட்டப்பட்ட இடமான புரூக்லாண்ட்ஸுக்கே திரும்பிவிட்டது. கூடைபோலப் பின்னிய அதன் உலோகச் சட்டம் வெளியே தெரிய நிற்பதைப் பார்த்தவர்களுக்கு முழுசாக மூடி வண்ணம் பூசிய விமானங்கள் கொஞ்சம் சலிப்புத் தட்டும். எனக்குத் தட்டியது.

தொடாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது

கையின் வியர்வையிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும். துணித்தோலில் விரல் அழுந்தினால் பள்ளம் நிரந்தரம். ப்ரொப்பெல்லரை ஒருபோதும் தள்ளிப் பார்க்க வேண்டாம். உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் விமானத்தின் நன்மைக்கு. உங்கள் நன்மைக்கு ஒன்று உண்டு: இருட்டில் ஒளிர்வதற்காகப் போர்க்கால முகப்புக் கருவிகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். ஒளிரும் பொருள் தேய்ந்து இன்று முள் மங்கிவிட்டது, ரேடியம் மங்கவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை பார்வையாளருக்குப் பயமில்லை. பழைய பொருள் சந்தையில் அப்படி ஒரு கருவியைப் பார்த்து வாங்கத் தோன்றினால் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

இறக்கையின் கீழே நடக்கும்போது தலை பத்திரம். காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய் பெரும்பாலும் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

காக்பிட்டில் ஏற வாய்ப்புக் கிடைத்தால்

சில இடங்களில் தனிக் கட்டணத்தில் அனுமதிப்பார்கள். சட்டைப் பையிலுள்ள நாணயம், பேனா, சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த ஒரு நாணயம் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் பறக்கும் விமானத்துக்கு அது ஆபத்து. காட்டிய இடத்தில் மட்டும் கால் வையுங்கள். குண்டுவீச்சு விமானத்துக்குள் போகிறீர்கள் என்றால் இடுக்கமான இடம் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் இறக்கையின் முதன்மை உத்தரம் உடலின் குறுக்கே போகிறது. முன்னாலிருந்து பின்னால் போக அதன்மேல் ஏறித் தவழ்ந்துதான் தாண்ட வேண்டும். விமானம் எரியும்போது, இருட்டில், பருத்த உடையோடு அதைத் தாண்டியவர்களை அந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது.

தன்னார்வலர்களிடம் பேசுங்கள்

என்ஜினை வெட்டித் திறந்து வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒருவர் நிற்பார். "இது எவ்வளவு வேகம் போகும்?" என்று தொடங்கினால் பலகையிலுள்ள பதிலே கிடைக்கும். "நீங்கள் இதில் எந்தப் பாகத்தில் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது.

மெர்லின் என்ஜின் என்றால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பற்றிக் கேளுங்கள். மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் ஆரம்பகால மெர்லின் மூச்சுத் திணறும். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் ஜெர்மன் என்ஜினுக்கு அந்தத் தொல்லை இல்லை. துரத்திவரும் ஸ்பிட்ஃபயரிலிருந்து ஜெர்மன் விமானிகள் தப்பிய வழி அது. ஃபார்ன்பரோ ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் 1941-இல் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பைக் கண்டுபிடித்துப் பெருமளவு சமாளித்தார். தானே மோட்டார் சைக்கிளில் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்த உதவியவர் அவர்.

புகைப்படம்

ஹேங்கர் உள்ளே இருட்டு, கதவில் கூசும் வெளிச்சம். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். பிளாஷ் வேண்டாம், காக்பிட் மூடியில் பட்டுத் திரும்பிவிடும். முக்காலிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு விமானமும் சட்டத்துக்குள் வராது, முயலவும் வேண்டாம். ஒரு ரிவெட் வரிசையும் ஒரு சக்கரமும் போதும்.

பக்கத்து அறைகள்

ஹேங்கரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அறைகளைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாராசூட் மடித்த இடம், கட்டளை அறை, பயிற்சி அறை எல்லாம் அங்கேதான். நீலப் பெட்டிபோல, குட்டி இறக்கையோடு ஏதாவது தெரிந்தால் அது லிங்க் பயிற்சிக் கருவி. எட்வின் லிங்கின் குடும்பம் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே வைத்து, தரையைவிட்டு எழாமல் சாயவும் திரும்பவும் கூடிய 'விமானத்தை' அவர் செய்தார். மேகத்துக்குள் பறப்பதை ஒரு தலைமுறையே அதில் உட்கார்ந்துதான் கற்றது.

சுவரில் பெயர்ப் பட்டியல் இருந்தால் வேகமாகக் கடக்காதீர்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். அந்த விமானங்களின் குண்டு அறை யார் தலைக்கு மேல் திறந்தது என்பதையும் அருங்காட்சியகம் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாத இடங்கள் நிறைய. விமானத்தின் அழகில் மயங்க எனக்கும் தயக்கமில்லை, ஆனால் கீழே இருந்த நகரத்தின் படம் ஒன்றாவது சுவரில் இல்லாத அருங்காட்சியகத்தைப் பாதி வேலை செய்ததாகவே எண்ணுகிறேன்.

என்ஜின் முடுக்கும் நாள்

அதிர்ஷ்டம் இருந்தால் வெளியே நிறுத்தி ஒரு என்ஜினை முடுக்குவார்கள். தேதியை முன்கூட்டியே அறிவிப்பதுண்டு. காதடைப்பான் கொண்டுபோங்கள், குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் வகை. கயிற்றுக்கு வெளியே, பக்கவாட்டில் நில்லுங்கள். நேர்பின்னால் நின்றால் தொப்பி, தள்ளுவண்டியிலுள்ள போர்வை, கையிலுள்ள சீட்டு எல்லாம் பறந்துவிடும். ரேடியல் என்றால் முதல் சில நொடிகளில் வெண்புகை பொங்கும், தீப்பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக அரை மணி முன்னதாகவே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.